பழைய ஸ்போர்ட்ஸ் கார் நடுவழியில் நின்றால்: காரணம் தேடும் ஒழுங்கு

போர்ஷ் 944 ஸ்போர்ட்ஸ் கார் 1982 முதல் 1991 வரை விற்பனையில் இருந்தது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் 944 ஒவ்வொன்றுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்படியொரு கார் நெடுஞ்சாலையில் போகும்போது சட்டென்று அணைந்தால் அதற்குப் பெயர்பெற்ற காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் கையடக்கமான ரிலே. மற்றது, எஞ்சினின் முகப்பில் சுற்றும் ரப்பர் டைமிங் பெல்ட். ரிலே போயிருந்தால் புதியதைச் செருகிய சில நிமிடங்களில் வண்டி கிளம்பிவிடும். பெல்ட் போயிருந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வளைந்த வால்வுகளை மாற்ற வேண்டும். செலவு காரின் விலையைத் தொடுவதும் உண்டு.

ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுப்பு இல்லை, சிவப்பு விளக்குகள் எரிகின்றன, வண்டி உருண்டு ஓரத்தில் நிற்கிறது. கை தானாகச் சாவிக்குப் போகும். அந்த ஒரு செயலைத்தான் தள்ளிப்போட வேண்டும். பெல்ட் அறுந்த எஞ்சினில் செல்ஃப் அடித்தால், அதுவரை தப்பியிருந்த வால்வுகளும் பிஸ்டனில் மோதி வளையலாம். நின்ற எஞ்சினுக்கு நோய் கண்டறிவதில் முதல் விதி, தேடுகிற வேலையே புதிய சேதத்தை உண்டாக்கக் கூடாது என்பது. மற்ற சோதனைகளின் வரிசை முழுவதும் இந்த விதியிலிருந்தே பிறக்கிறது.

கிலோமீட்டர் அல்ல, வயது

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் குறைவாகவே ஓடியவை. கராஜில் போர்வைக்குள் இருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வந்தவை. விளம்பரத்தில் "40,000 கிலோமீட்டர் மட்டுமே" என்று போட்டால் வாங்குபவர் மகிழ்ந்துபோகிறார். ஆனால் ரப்பர் இறுகுவதற்கும், ஒயரின் பிளாஸ்டிக் உறை நொறுங்குவதற்கும், பெட்ரோல் கெடுவதற்கும் வண்டி ஓட வேண்டிய அவசியமில்லை. நாட்கள் போனாலே போதும். பத்து வருடம் நின்ற காரின் டைமிங் பெல்ட், மூன்று வருடம் தினமும் ஓடிய காரின் பெல்ட்டைவிட ஆபத்தானதாக இருக்கலாம்.

இத்துடன் வெப்பமும் சேர்கிறது. தாழ்ந்த பானெட், நெருக்கமான எஞ்சின் அறை, இருக்கைக்குப் பின்னால் காற்றோட்டம் குறைவான இடத்தில் பொருத்திய எஞ்சின் எனப் பல ஸ்போர்ட்ஸ் கார்கள் தங்கள் பாகங்களை வேகவைத்தபடியே ஓடுகின்றன. சூடும் குளிரும் மாறி மாறி வந்து சோல்டரிங்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகின்றன. சாதாரணக் காரில் இருபது வருடம் தாங்கும் பாகம் இங்கே முன்னதாகவே களைத்துவிடுகிறது.

நின்ற விதமே முதல் தடயம்

அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் ஓட்டியவரிடம் கேள்வி கேட்பார். எஞ்சின் எப்படி நின்றது? விளக்கை அணைத்ததுபோல ஒரே நொடியில் நின்றதா? விக்கி விக்கி, திணறி, ஒரு கிலோமீட்டர் இழுத்துவந்து நின்றதா? டமால் என்றோ கடகடவென்றோ சத்தம் கேட்டதா? ஒரே நொடியில் என்றால் சந்தேகம் மின்சாரத்தின் மேல் போகும். திணறல் என்றால் பெட்ரோலின் மேல். சத்தம் என்றால் உள்ளே இரும்பு உடைந்திருக்கக்கூடும். இந்தப் பிரிவினைக்கு விலக்குகள் உண்டு. டைமிங் பெல்ட் சில சமயம் பெரிய சத்தமில்லாமலே அறுந்துபோகும். என்றாலும் தேடலை எங்கே தொடங்குவது என்பதை இது காட்டிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி ஆர்.பி.எம். முள்ளைப் பற்றியது. பழைய கார்கள் பலவற்றில் அந்த முள் இக்னிஷன் துடிப்புகளை எண்ணித்தான் நகர்கிறது. கியரில் வண்டி உருள்கிறது, எஞ்சினும் சுற்றுகிறது, ஆனால் முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது என்றால் இக்னிஷன் பக்கம் அறுந்திருக்கிறது. முள் சரியாக நிற்கிறது, இழுப்பு மட்டும் இல்லை என்றால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். 944 வைத்திருப்பவர்களிடையே செல்ஃப் அடிக்கும்போது முள் துள்ளுகிறதா என்று பார்ப்பது பழகிப்போன சோதனை. துள்ளினால் எஞ்சினின் சுற்றைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்கள் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். பெல்ட் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே அந்தச் சோதனை.

மூன்றாவது கேள்வி: அரை மணி நேரம் ஆறவிட்டதும் வண்டி எதுவும் நடக்காததுபோலக் கிளம்பியதா? ஆம் என்றால் பதிலின் பாதி கையில் வந்துவிட்டது.

மின்சாரம்: சிறிய பாகம், முழு மௌனம்

சூட்டில் நின்று குளிரில் கிளம்பும் வண்டிக்கு நல்ல உதாரணம் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். அலுமினிய உடலோடு 1990-ல் வந்த இந்தக் கார் நம்பகத்தன்மைக்குப் பேர்போனது. ஆனாலும் அதன் மெயின் ரிலேக்குள் இருக்கும் சோல்டரிங் வயதாக ஆகக் கீறிப்போகிறது. வெயிலில் நிறுத்திய காரில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பற்றாது. ஜன்னலைத் திறந்து உள்ளே சூடு தணிந்ததும் கிளம்பிவிடும். போர்ஷ் 944-ன் ரிலேயும், அதே காலத்து 911 கரேரா 3.2-ன் ரிலேயும் இதே நோயில்தான் விழுகின்றன. இரண்டு கண்டங்களில் இரண்டு கம்பெனிகள் செய்த பாகங்கள் ஒரே விதமாகத் தோற்பதற்குக் காரணம், இரண்டிலும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் சோல்டரிங்தான்.

எஞ்சினின் சுற்றைச் சொல்லும் கிராங்க் சென்சாரும் சூட்டில் ஏமாற்றும். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் விழுந்த கீறல் சூட்டில் விலகி, குளிர்ந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் சென்சார் குளிர்ந்துவிடும், மல்டிமீட்டர் எல்லாம் சரி என்று காட்டும். அதனால் சந்தேகத்துக்குரிய சென்சாரைச் சூடாக்கி அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் எடுத்த அளவை வைத்து அதை விடுவித்துவிடக் கூடாது.

தண்ணீர் வேறொரு எதிரி. 1996-ல் அறிமுகமான போர்ஷ் பாக்ஸ்டரில் மடிப்புக் கூரையிலிருந்து தண்ணீர் வடியும் துளைகள் சருகுகளால் அடைத்துக்கொண்டால், மழைநீர் காருக்குள் இறங்கும். அலாரத்தையும் இம்மொபிலைசரையும் இயக்கும் மின்பெட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்தால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே வண்டி கிளம்ப மறுக்கும். எஞ்சினை மட்டுமே பார்க்கிற மெக்கானிக் இங்கே நாள் முழுவதும் தேடினாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்.

ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். விஷயத்தில் மின்சாரக் கோளாறு ஆபத்தாகவே மாறியது. 1980-களின் கடைசியில் அதன் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு மரெல்லி இக்னிஷன் வந்தது. அதில் ரோட்டார் கெட்டால் ஆறு சிலிண்டர்களுக்கு மட்டும் பொறி நின்றுபோகும். மற்ற ஆறும் வண்டியை இழுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சூடான கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய்ச் சேர்வதால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இழுப்பு திடீரென்று பாதியாகக் குறைந்த எக்ஸ்.ஜே.எஸ்.ஸை வீடுவரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பது தவறு. உடனே அணைத்துவிட வேண்டும்.

பெட்ரோல் வரும் வழி

எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் கார் 1962 முதல் 1980 வரை தயாரானது. பின்பக்கம் பொருத்திய எஸ்.யூ. மின்பம்புதான் அதற்குப் பெட்ரோல் அனுப்புகிறது. உள்ளே இருக்கும் கான்டாக்ட் பாயின்ட் கருகினால் பம்ப் நின்றுவிடும். பம்பின் மேல் ஒரு தட்டு தட்டினால் மறுபடி டிக் டிக் என்று ஓடும். தட்டியதில் உயிர் பெற்றது என்றால் காரணம் உறுதியாகிவிட்டது, பம்பை மாற்றும் நாளும் வந்துவிட்டது.

பிந்தைய கார்களில் இவ்வளவு நேராகப் பதில் கிடைக்காது. சாவியை ஆன் செய்ததும் பின்னால் பம்ப் இரண்டு நொடி உறுமுகிறதா என்று கேட்பது பொதுவான வழக்கம். 944-ல் அது செல்லாது. அதன் பம்ப், எஞ்சின் சுற்றுகிற தகவல் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகே ஓடும். மாஸ்டா எம்.எக்ஸ்-5-ன் முதல் 1.6 லிட்டர் மாடலில் இன்னொரு ஏற்பாடு. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது ஏர்ஃப்ளோ மீட்டரின் கதவு அசைந்தால்தான் பம்புக்கு மின்சாரம் போகும். மீட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்தாலோ, அதன் கிளாம்ப் கழன்றாலோ காற்று மீட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எஞ்சின் நின்றுவிடும். பம்பை மாற்றிப் பார்த்துக் கைப்பணத்தை இழந்தவர்கள் பார்க்கத் தவறியது இந்தக் குழாயைத்தான். ஒவ்வொரு காரும் எந்த ஏற்பாட்டில் ஓடுகிறது என்பதை அதன் சர்வீஸ் மானுவலில் பார்க்காமல் சோதனை செய்வது வீண்.

எத்தனால் இந்தத் தலைமுறை கார்களுக்குப் புதிய கவலை. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவான எரிபொருளானபோது, பழைய கார்கள் பலவற்றுக்கு 5 சதவீதக் கலப்பையே தொடரும்படி அந்நாட்டு அரசு அறிவுறுத்தியது. இந்தியாவில் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. இங்கே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் நின்ற கார் கிளம்பிய சிறிது தூரத்தில் திணறி நின்றால், முதலில் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு அடுக்காகப் பிரிந்தால் வேறு சோதனை வேண்டாம்.

டைமிங் பெல்ட்: ஒரே பாகம், இரண்டு விதிகள்

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. எம்.எக்ஸ்-5-ன் 1.6 எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போதும் வால்வு திறந்து நிற்க இடம் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புதிய பெல்ட் போட்டால் ஓடும். 944-ல் அந்த இடம் இல்லை. இரண்டும் மோதும். அதிர்வைக் குறைக்க மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்று 944-ல் வைத்த பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்குத் தனியாக இன்னொரு பெல்ட் உண்டு. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினாலும் முடிவு அதுவேதான். தண்ணீர்ப் பம்பையும் டைமிங் பெல்ட்டே சுற்றுகிறது என்பதால், பம்ப் இறுகினாலும் பெல்ட் போகும். விவரமறிந்தவர்கள் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் பார்த்துவிடுவது இதனால்தான்.

பெல்ட் இருக்கிறதா என்று எப்படி அறிவது? 944-ல் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் கேம்ஷாஃப்ட்டின் முனையிலேயே ரோட்டார் தெரியும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். ரோட்டார் கூடவே சுற்றினால் பெல்ட் இருக்கிறது. அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு இழுவை வண்டியை அழைக்கலாம். ஸ்பேனர் எதிலோ இடித்ததுபோல நின்றால் அதற்கு மேல் பலத்தைக் காட்டக் கூடாது. தெரியாமல் செல்ஃப் அடித்துவிட்டவர்களுக்குக் காதே சாட்சி. பெல்ட் அறுந்த எஞ்சின் அமுக்கம் இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராக விர்ரென்று சுற்றும்.

ஃபெராரி எஃப்355 (1994–1999) பெல்ட் பராமரிப்பின் விலையை நினைவூட்டும் கார். சிலிண்டருக்கு ஐந்து வீதம் நாற்பது வால்வுகள். பெல்ட் மாற்ற எஞ்சினையே காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். செலவுக்கு அஞ்சி அந்த வேலையைத் தள்ளிப்போட்ட கார்கள் கைமாறி வருவதால், பழைய எஃப்355 வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பெல்ட் மாற்றிய ரசீதை.

பேரிங்: ஆயில் சொல்லும் செய்தி

டமால் சத்தத்தோடு நின்ற எஞ்சின்களில் அதிகம் பேசப்பட்டது போர்ஷின் எம்96. 1997 மாடல் பாக்ஸ்டரிலும், அதற்குப் பின் வந்த 996 வகை 911-லும் இருந்த இந்த எஞ்சினில், கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் இடைத் தண்டின் ஒரு முனையை மூடிய பால் பேரிங் தாங்குகிறது. அதற்குள் இருக்கும் கிரீஸ் காலப்போக்கில் கரைந்து வெளியேற, பேரிங் உடைந்தால் டைமிங் தவறி எஞ்சின் முழுவதும் பாழாகும். அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு ஒன்று 2013-ல் சமரசத்துக்கு வந்தது. 2001–2005 காலத்துக் கார்களில் குறிப்பிட்டவை அதில் அடங்கின. அதே காலத்து 911 டர்போவுக்கும் ஜி.டி.3-க்கும் போர்ஷ் பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த வேறு எஞ்சின். அவற்றுக்கு இந்த நோய் இல்லை. ஒரே பெயர்ப்பலகை போட்ட இரண்டு கார்களுக்கு ஒரே மருத்துவக் குறிப்பு எழுத முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பி.எம்.டபிள்யூ. எம்3-ன் எஸ்54 எஞ்சினில் பிரச்சினை கனெக்டிங் ராட் பேரிங்கில். 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், நிமிடத்துக்கு 8,000 சுற்று. தொடக்க கால எஞ்சின்கள் பல இந்த பேரிங் தேய்ந்து உடைந்ததால், கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்து பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது.

இரண்டு நோய்களையும் எஞ்சினைப் பிரிக்காமலே பிரித்தறிய வழி உண்டு. ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள்கள் எஃகு, அதாவது பால் பேரிங் போன்றவற்றிலிருந்து வந்தவை. காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறம் காட்டும் மினுக்கங்கள் ராட் பேரிங்கின் உள் அடுக்கிலிருந்து வந்தவை. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்பவருக்கு, எஞ்சின் நிற்பதற்குப் பல மாதம் முன்பே செய்தி கிடைத்துவிடும்.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

மாஸ்டாவின் ஆர்.எக்ஸ்-7, ஆர்.எக்ஸ்-8 கார்களுக்கு மேலே சொன்ன பல சோதனைகள் பொருந்தாது. அவற்றின் ரோட்டரி எஞ்சினில் வால்வும் இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை. முக்கோண ரோட்டாரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள்தான் உயிர்நாடி. சாதாரண அமுக்க மீட்டர் மூன்று அறைகளில் அதிகமானதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். ஒரு சீல் போயிருந்தாலும் நல்ல எண் வந்துவிடும். மூன்றையும் தனித்தனியாக அளக்கும் கருவி வேண்டும். ஆர்.எக்ஸ்-8-க்கு நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் 680 கிலோபாஸ்கல் என்பது கீழ்வரம்பு. அமெரிக்காவில் 2004–2008 கார்களின் எஞ்சின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் வரை மாஸ்டா நீட்டித்ததே சிக்கலின் அளவைச் சொல்கிறது.

ஆனால் கிளம்ப மறுக்கும் ஆர்.எக்ஸ்-8 எல்லாம் எஞ்சின் போனவை அல்ல. குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, ஷெட்டிலிருந்து வாசலுக்கு நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர்கள் நிற்கும், உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். காயில்கள் பலவீனமாவதும் இங்கே சகஜம். இந்த இரண்டையும் விலக்காமல் எஞ்சினை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அமுக்கச் சோதனையின் எண்களைக் காட்டச் சொல்வது உரிமையாளரின் உரிமை.

சோதனைகளின் வரிசை

மேலே கண்ட உதாரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் காருக்கும் பொருந்தும் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் கண்ணும் காதும் மூக்கும்: கழன்ற ஒயர், வெடித்த குழாய், பெட்ரோல் வாசம், தரையில் கொட்டிய ஆயில். அடுத்து, டைமிங் பெல்ட் உள்ள காரில் கையால் சுழற்றிப் பார்ப்பது. அதன் பிறகு பியூஸ், ரிலே, பேட்டரி, எர்த். பிறகு பிளக்கில் பொறி வருகிறதா என்பது. பிறகு பெட்ரோலின் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளப்பது. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அமுக்கச் சோதனை.

அமுக்கம் ஒரு சிலிண்டரில் குறைந்தால் லீக் டவுன் சோதனை காரணத்தைக் காட்டும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்தினால் அது தப்பிக்கும் இடம் காதுக்குக் கேட்கும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உறிஞ்சும் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பிரிக்காமலே எஞ்சினின் உட்புறம் இவ்வளவு சொல்லிவிடுகிறது.

இந்த வரிசையைக் கெடுப்பவை இரண்டு பழக்கங்கள். ஸ்கேனர் காட்டிய குறியீட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது முதலாவது. அமெரிக்காவில் 1996-லும் ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் 2001-லும்தான் பொதுவான குறியீட்டு முறை கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் அது இல்லை. இருக்கும் கார்களிலும் "கிராங்க் சென்சார்" என்று வரும் குறியீடு சென்சாரையும் குறிக்கலாம், அதற்குப் போகும் ஒயரையும் குறிக்கலாம். இரண்டாவது, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது. புதிய பாகம் நல்ல பாகம் என்ற நம்பிக்கை இன்று செல்லாது. பழைய கார்களுக்கு வரும் மலிவான ரோட்டார்களும் கன்டென்சர்களும் பொருத்திய சில நாளிலேயே கெடுவது வழக்கமான புகார். கடைசியாக மாற்றிய பாகமே முதல் சந்தேகத்துக்குரியது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலைகள் மூன்று. பெல்ட் மாற்றிய தேதியை ரசீதோடு சரிபாருங்கள். தேதி தெரியாவிட்டால், மாற்றும்வரை எஞ்சினைக் கிளப்பாதீர்கள். மெயின் ரிலேயில் ஒன்று உபரியாக வாங்கி காரிலேயே வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடும் முன் வெட்டிப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.